பந்தாட்டத்துக்கு ஒரு வருகைப் பதிவேடு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் கம்பைநல்லூர் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கொரோனா காலத்தில் உங்கள் குழு என்ன செய்தது என்று பேசச் சொன்னார்கள். முகக்கவசம் தைத்ததை எல்லாக் குழுவும் சொல்லும், நாங்களும் தைத்தோம். கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்ததையும் சொல்வார்கள், நாங்களும் கொடுத்தோம். அதனால் அதை விட்டுவிட்டு வேறு ஒன்று சொல்கிறேன். நாங்கள் புள்ளைங்களுக்குப் பந்து விளையாட்டு நடத்தினோம். கால்பந்து. சிரிக்காதீங்க. பொம்பளைங்க குழுவுக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் ஊரிலும் சிரிச்சாங்க. சம்பந்தம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம்ம வேலை எதில் ஆரம்பிக்கிறது? கூட்டம் கூடினதும் முதலில் என்ன செய்வோம்? வருகைப் பதிவு. யார் வந்தாங்க, யார் வரலை. ஒரு அக்கா ரெண்டு கூட்டத்துக்கு வரலைன்னா, மூணாவது கூட்டத்துக்கு முன்னாடி யாராவது அவங்க வீட்டுக்குப் போய்க் கேப்போம். சேமிப்புக் கட்ட முடியலையா, உடம்பு முடியலையா, வீட்டுல ஏதாவது தகராறான்னு. 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களை முதன்முதலில் ஆரம்பித்தது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். அன்றைக்கு கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்துக்குள்ளேதான் இருந்தது. அந்த நாளிலிருந்து நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கணக்கு எழுதுவது. பணத்துக்கும் கணக்கு, ஆளுக்கும் கணக்கு.

புள்ளைங்களுக்கு அந்தக் கணக்கை எழுதுகிற இடம் பள்ளிக்கூடம். காலையில் டீச்சர் பேர் கூப்பிடுவாங்க. நாலு நாள் வரலைன்னா யாராவது கேப்பாங்க. 2020 மார்ச் மாத மத்தியில் பள்ளிக்கூடத்தை மூடினாங்க. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அதோட அந்தக் கணக்கும் நின்னு போச்சு. பத்தாவது, பன்னிரண்டாவது புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது 2021 ஜனவரி 19-ல். ஒன்றாவது முதல் எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தாங்க. ஒண்ணரை வருஷத்துக்கு மேல. அவ்வளவு நாளும் நம்ம ஊர்ப் புள்ளைங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, போனில் வகுப்பு நடந்தது, அதெல்லாம் உண்மை. ஆனா டிவிக்கு முன்னாடி எந்தப் புள்ளை உட்கார்ந்திருக்குது, எந்தப் புள்ளை இல்லைன்னு டிவிக்குத் தெரியாது.

அது எங்களுக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். 2020 ஜூன் மாதத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒன்பதாவது படித்த புள்ளை ஒன்று காணோம். பாட்டி வீட்டுக்குப் போயிருக்குதுன்னு சொன்னாங்க. ஊரடங்கு நேரம், மொரப்பூரில் ரயில் இல்லை, பஸ் சரியா இல்லை. போன இடத்திலேயே இருக்குதுன்னு எல்லோரும் நம்பினோம். ஆகஸ்டில்தான் தெரிந்தது, அந்தப் புள்ளைக்குக் கல்யாணமே முடிந்துவிட்டதுன்னு. அதற்கு வயசு 14. ஒரே தெருவில் தண்ணி பிடிக்கிற நாங்க யாரும் கேக்கவில்லை, ஏன்னா கேக்கறதுக்கு ஒரு காரணம் வேணும் இல்லையா? பள்ளிக்கூடம் இருந்தா ‘ஏன் வரலை’ன்னு கேக்கலாம். பள்ளிக்கூடமே இல்லாதப்போ எதுக்கு வரலைன்னு கேக்கறது?

கல்யாணம் ஏன் அந்த நேரத்தில் கூடியது என்று நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாதுன்னு அரசு சொன்னது நோய்க்காக. நம்ம வீடுகளில் அதை வேற மாதிரி கணக்குப் போட்டாங்க. 50 பேருக்குச் சோறு போட்டா கல்யாணம் முடிஞ்சுது. மண்டபம் வேண்டாம், பத்திரிகை வேண்டாம், சீர் கம்மி. வேலை இல்லை, கையில காசு இல்லை, வீட்டுல ஒரு வயித்துச் சோறு குறையும். இந்தக் கணக்கு நம்ம ஊரில் மட்டும் போட்ட கணக்கு இல்லை. உலகம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். கொரோனாவால் 2030-க்குள் கூடுதலாக 1 கோடிப் பெண் பிள்ளைகளுக்குக் குழந்தைத் திருமணம் நடக்கும் ஆபத்து இருக்கிறது என்று யுனிசெஃப் 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று சொன்னது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, 20 முதல் 24 வயதுக்குள் இருக்கிற பெண்களில் 18 வயதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவர்கள் இந்தியாவில் 100-க்கு 23 பேர், தமிழ்நாட்டில் 100-க்கு 13 பேர். தமிழ்நாடு பரவாயில்லைன்னு நினைக்கலாம். அந்த 13-ல் நம்ம தெருப் புள்ளை ஒண்ணு இருந்தா அதற்கு அது பரவாயில்லையா?

அந்த ஆகஸ்ட் மாதக் கூட்டத்தை ஆளுக்கு ஒரு திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து நடத்தினோம். வங்கிக் கடன் தவணைக்கு ஆகஸ்ட் 31 வரை ரிசர்வ் வங்கி அவகாசம் கொடுத்திருந்தது. செப்டம்பரில் என்ன செய்யறதுன்னு பேசத்தான் கூடினோம். பேச்சு அந்தப் புள்ளை பக்கம் போயிருச்சு. புள்ளைங்க தினமும் ஒரு இடத்துக்கு வரணும், அவங்க வந்ததை நாம பாக்கணும், அதுக்கு என்ன வழின்னு ஒருத்தர் கேட்டாங்க. டியூஷன் வைக்கலாம்னு ஒருத்தர். ஒரு அறைக்குள்ள புள்ளைங்களை அடைச்சா நோய் பரவும், வேண்டாம்னு இன்னொருத்தர். அப்பதான் எங்கள் குழுவிலேயே வயசில் சின்னவள், கல்லூரி முடித்து வந்தவள், ‘வெட்டவெளியில விளையாட விடலாம், கால்பந்து’ என்றாள்.

ஏன் கால்பந்து, கபடி ஆடக்கூடாதா என்று கேட்டோம். அவள் சொன்ன காரணம் எல்லாமே சமையல்கட்டுக் கணக்கு மாதிரி தெளிவா இருந்தது. கபடி என்றால் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு அமுக்கணும், அந்த நேரத்தில் ஆகாது. கைப்பந்தில் எல்லார் கையும் பந்தில் படும். கிரிக்கெட்டில் ரெண்டு பேர் ஆடுவாங்க, மிச்சப் பேர் நிப்பாங்க, அதோட மட்டை வாங்கணும். கால்பந்தில் பந்தைக் கையால் தொடக்கூடாது என்பதே சட்டம். ஒரு பந்து இருந்தால் 10 பேர் ஓடலாம். கோல் கம்பம் இல்லைன்னா ரெண்டு செங்கல் போதும். 2020 செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள் பஸ் ஓட விட்டாங்க, பூங்கா, விளையாட்டுத் திடலை எல்லாம் பார்வையாளர் இல்லாமல் திறக்கலாம்னு சொன்னாங்க. அந்த வாரத்திலேயே நாங்கள் ஆரம்பித்தோம்.

இடம், எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பழைய களத்துமேடு. ராகி அடிக்கிற காலம் போய் அது சும்மாதான் கிடந்தது. கல் பொறுக்கி, முள்ளு வெட்டி, குழுவில் இருந்தே நாலு பேர் சுத்தம் செய்தோம். பந்து ஒன்று, 4-ம் நம்பர் அளவு, அரூருக்குப் போன ஆள்கிட்டச் சொல்லி வாங்கினோம். காத்தடிக்கிற பம்பு சைக்கிள் கடைக்காரர் கொடுத்தார். குழுவின் பணத்தில் கை வைக்கவில்லை, ஆளுக்கு 30 ரூபாய் போட்டோம். 40 பக்க நோட்டு ஒன்று. ஆகமொத்தச் செலவு அவ்வளவுதான்.

ஆனா முதல் நாள் ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு சண்டை நடந்தது, அதை மறைக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு அக்கா, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, மாமியாருக்கு மூச்சிரைப்பு. ‘நீங்க புள்ளைங்களைக் கூட்டி விளையாட விடுவீங்க, அது என் வீட்டுக்கு நோயைக் கொண்டாந்தா யார் பதில் சொல்றது?’ன்னு நேராக் கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம். அதனால் அவங்களையே விதி எழுதச் சொன்னோம். அவங்க சொல்லச் சொல்ல தீர்மான நோட்டில் எழுதினது இது:

ஒரு நேரத்தில் 10 பேர்தான் திடலுக்குள். மிச்சப் பேர் அடுத்த முறைக்கு வீட்டில் இருக்கணும், சுத்தி நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தா வரக்கூடாது. வீட்டில் யாருக்காவது இருந்தாலும் வரக்கூடாது.

வரும்போதும் போகும்போதும் முகக்கவசம். ஓடும்போது மூச்சு முட்டும், அப்ப கழட்டிக்கலாம், ஆனா கோல் போட்டாக் கட்டிப்பிடிக்கக் கூடாது, தூரத்தில் நின்னு கை தட்டலாம்.

தண்ணி அவங்கவங்க பாட்டில். சோப்பும் வாளியும் திடல் முனையில். ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் பந்துக்கும் சோப்பு.

தலையால் பந்தை முட்டக் கூடாது, முகத்துக்கு நேரா வந்து கத்தக் கூடாது.

தெருவில் ஒருத்தருக்குத் தொற்று என்றாலும் 14 நாள் ஆட்டம் கிடையாது.

இந்த விதியை எழுதின அக்காதான் பிறகு அதிக நாள் திடலில் வந்து உட்கார்ந்தவங்க. புள்ளைங்க அவங்களுக்கு ‘சோப்பு அத்தை’ன்னு பேர் வெச்சிருச்சுங்க.

முதல் நாள் வந்தது 9 பேர், எல்லாம் பையன்கள். பொம்பளைப் புள்ளைங்க கோலம் போடற மாதிரி ஓரமா குனிஞ்சு நின்னு பாத்துட்டுப் போயிருச்சுங்க. வீடுவீடாப் போனோம். ‘ஆம்பளப் பசங்களோட பொட்டப்புள்ள பந்து ஒதைக்கறதா, நாளைக்கு யாரு கட்டுவான்?’ன்னு கேட்டாங்க. ‘நாங்க ரெண்டு பேரு தினமும் அங்கதான் உட்கார்ந்திருப்போம், இருட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்திரும்’னு சொன்னோம். எங்கள் வீட்டுப் புள்ளைங்களை முதலில் இறக்கினோம். அதுதான் வேலை செய்தது. அடுத்தவங்க வீட்டுப் புள்ளையை இறக்கச் சொல்வதற்கு முன்னாடி என் மகளைத் திடலில் பாத்தாங்க.

வயசுக்கு வந்த புள்ளைங்க விஷயம் அதைவிடக் கஷ்டம். சடங்கு முடிஞ்சா ஓடக்கூடாது, குதிக்கக்கூடாதுன்னு நம்ம வீடுகளில் பழக்கம். அதுக்கு வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. அண்ணனுடைய பழைய டீ-சர்ட், சுடிதார் பேண்ட், அதுக்கு மேல துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கிட்டு ஒரு புள்ளை வந்தது. மாதவிடாய் நாளில் ஆடவேண்டாம், நோட்டை நீ எழுதுன்னு சொன்னோம். அப்ப அந்தப் புள்ளை வீட்டில் ஒளிஞ்சு உட்காராமல் எல்லார் முன்னாடியும் எழுதினது. நாலு நாள் கழிச்சு மறுபடி ஆடினது. அதைப் பாத்து இன்னும் மூணு பேர் வந்தாங்க.

திடலுக்கு வந்த பிறகும் பையன்கள் பந்தைக் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் ஓடியும் பொம்பளைப் புள்ளை காலில் பந்து படாது. இதற்கு ஒரு வழியை எங்கள் சின்னவள் சொன்னாள். கொலம்பியா என்று ஒரு நாடு. 1994 உலகக் கோப்பையில் அந்த நாட்டு வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் காலில் பட்டுப் பந்து தன் அணியின் கோலுக்குள்ளேயே போயிருச்சு. ஊர் திரும்பின சில நாளில், மெடலின் நகரத்தில் அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. அதுக்குப் பிறகு அந்த நகரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இளவட்டங்களை ஒன்று சேர்க்க ஒரு பந்தாட்டத்தை ஆரம்பித்தார்கள். அதில் நடுவர் கிடையாது. பையனும் பொண்ணும் கலந்துதான் அணி. முதல் கோலைப் பொண்ணுதான் போடணும், அதுவரைக்கும் பையன் போட்டால் செல்லாது. ஆட்டத்துக்கு முன்னாடி உட்கார்ந்து விதி பேசணும், முடிஞ்ச பிறகு உட்கார்ந்து யார் நியாயமா ஆடினாங்கன்னு பேசணும். இதைக் கேட்டதும் ‘இது நம்ம குழுக் கூட்டம் மாதிரியே இருக்குதே’ன்னு சோப்பு அத்தை சொன்னாங்க. அந்த விதியை அப்படியே எடுத்துக்கிட்டோம். மறுநாளிலிருந்து பையன்களே ‘நீ நில்லு, நான் பாஸ் தரேன், நீ அடி’ன்னு சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கோல் வேணும்னா வேற வழி இல்லை இல்லையா?

ஒரு மாதத்தில் நோட்டில் 31 பேர். அதில் 13 பேர் பொம்பளைப் புள்ளைங்க. சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு 10 பேர், அஞ்சேகாலுக்கு இன்னொரு 10 பேர், மிச்சப் பேர் மறுநாள். ஒவ்வொரு நாளும் குழுவில் ரெண்டு பேர் சுழற்சி முறையில் உட்காரணும். ஒருத்தர் ஆட்டத்தைப் பாக்கணும், ஒருத்தர் நோட்டு எழுதணும். தேதி, பேர், வந்தாங்களா இல்லையா, வரலைன்னா காரணம்.

அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். முறை வந்தும் ஒரு தடவை வரலைன்னா பக்கத்து வீட்டுப் புள்ளையைக் கேக்கணும். அடுத்த தடவையும் வரலைன்னா அன்னிக்குச் சாயங்காலமே ரெண்டு பேர் வீட்டுக்குப் போகணும். குத்தம் சொல்லப் போகக் கூடாது. ‘புள்ளை வரலையே, உடம்பு சரியில்லையா?’ அவ்வளவுதான் கேள்வி. ஒரு நல்ல கேள்வி கையில் இருந்தால் எந்த வீட்டு வாசலிலும் நிக்கலாம். ஆகஸ்டில் எங்களிடம் இல்லாமல் போனது அந்தக் கேள்விதான்.

டிசம்பர் முடியறதுக்குள்ள 19 வீட்டுக்குப் போயிருக்கோம். பாதிக்கு மேல சாதாரணக் காரணம். காய்ச்சல், சித்தி வீட்டுக்குப் போனது, செருப்பு அறுந்து போனது, அண்ணன் தம்பி சண்டை. ஒரு வீட்டில் மூணு நாளா அரிசி இல்லை, அது தெரிஞ்சு குழுவில் இருந்து கொடுத்தோம். எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு அப்பாவோட போயிட்டான். போன் போட்டுப் பேசினோம். ‘நாள் கூலி கிடைக்குதுங்க, பள்ளிக்கூடம் திறந்தா அனுப்பறேன்’னு அப்பா சொன்னார். வாராவாரம் ஞாயித்துக்கிழமை போன் போட்டோம். பையன்கிட்டயும் பேசுவோம், ‘உன் இடத்துல கோலுக்கு ஆள் இல்லைடா’ன்னு. பொங்கலுக்கு வந்தவனை அம்மா மறுபடி அனுப்பவில்லை.

இன்னொரு வீட்டைப் பற்றி நான் பேர் சொல்லாமல்தான் பேசுவேன், அந்தப் புள்ளையின் சம்மதத்தோடதான் பேசுகிறேன். 2020-ல் பத்தாவது பரீட்சை ரத்தாகி எல்லோரும் தேர்ச்சின்னு அரசு அறிவித்த வருஷம், அதில் பாஸ் ஆன புள்ளை. வயசு 15. ஓட்டத்தில் பையன்களே பிடிக்க முடியாது. நவம்பரில் ரெண்டு முறை வரவில்லை. போனோம். வீடு வெள்ளை அடிச்சிருந்தது. தீபாவளிக்கு அடிச்சதா இருக்கும்னு நினைச்சோம். அம்மா காபி கொடுத்தாங்க. புள்ளை உள்ளேயே இருந்தது. பேசிக்கிட்டே இருந்தப்போ அம்மாவே சொன்னாங்க, ‘தை மாசம் என் தம்பிக்குக் கட்டி வெக்கலாம்னு இருக்கோம்’னு.

அந்தத் தம்பிக்கு வயசு 27. நாங்கள் கோபப்படவில்லை. ஏன் இப்பன்னு கேட்டோம். அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். ‘இப்ப முடிச்சா அம்பது பேருக்குச் சோறு போட்டாப் போதும். ரெண்டு வருஷம் கழிச்சா ஐநூறு பேரு. வாரா வாரம் கடன்காரன் வாசல்ல வந்து நிக்கறான். பதினொண்ணாவது சேர்த்தா போன் வாங்கிக் குடுக்கணும். நான் எங்க போவேன்?’ புருஷன் இல்லாத பொம்பளை. தன் மகளுக்குக் கெடுதல் பண்ணணும்னு நினைச்ச ஆள் இல்லை. கணக்குப் போட்டிருக்காங்க, அந்தக் கணக்கில் வேற வழி வரலை.

சட்டத்தைச் சொன்னோம். 2006-ஆம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகணும். மீறினால் மாப்பிள்ளைக்கும் நடத்தி வைக்கிறவங்களுக்கும் 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். உன் தம்பிதான் ஜெயிலுக்குப் போவான்னு சொன்னோம். தேதி குறிச்சீங்கன்னா 1098-க்குப் போன் போட வேண்டியது எங்க கடமை, அதையும் உங்க முகத்துக்கு நேராவே சொல்லிட்டுப் போடுவோம்னும் சொன்னோம். ஆனா சட்டத்தை மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு வந்திருந்தா கல்யாணம் வேற ஊரில் நடந்திருக்கும். அதனால் கணக்கையும் பேசினோம். அவங்க இன்னொரு குழுவில் உறுப்பினர். அந்தக் குழுவோட ஊக்குநரைக் கூட்டிக்கிட்டு மறுநாள் போனோம். உள்கடன் 15,000 கொடுக்க அந்தக் குழு தீர்மானம் போட்டது. வாரக் கடனை அதில் அடைச்சாங்க. மாசாமாசம் கட்டற மாதிரி ஆச்சு. எங்கள் குழுவில் ஒருத்தர் வீட்டில் சும்மா கிடந்த போனைப் படிக்கறதுக்குக் கொடுத்தாங்க. அந்தத் தம்பியையும் கூப்பிட்டுப் பேசினோம். ‘எனக்கே இஷ்டம் இல்லைங்க, அக்கா அழுததால சரின்னேன்’ என்றார் அவர்.

ஒரு வாரம் கழிச்சு அந்தப் புள்ளை திடலுக்கு வந்தது. யாரும் ஒண்ணும் கேக்கலை. பந்தைப் போட்டோம், ஆடிச்சு. பதினொண்ணாவது சேர்ந்தது, 2022-ல் பன்னிரண்டாவது முடிச்சது, இப்போ கல்லூரியில் படிக்குது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கின புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் அதனுடைய சொந்தக் கணக்குக்கு வருது. அம்மா கடனை அடைச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

2021 மே மாதம் ரெண்டாவது அலை வந்தது. மே 10 முதல் மறுபடி ஊரடங்கு. இந்தத் தடவை நோய் நம்ம வீட்டுக்குள்ளேயே வந்தது, எங்கள் தெருவிலேயே சாவு விழுந்தது. அந்த விஷயத்தில் எங்களுக்கு ரெண்டு யோசனை இல்லை. பந்தில் காத்தை இறக்கி அலமாரியில் வெச்சுட்டோம். ஆனா நோட்டை மூடவில்லை. ஆளுக்கு நாலு வீடுன்னு பிரிச்சுக்கிட்டோம். பக்கத்து வீடுன்னா வாசலில் நின்னு, தூரமுன்னா போனில். ‘புள்ளைகிட்டக் குடுங்க’ன்னு சொல்லி அந்தப் புள்ளையின் குரலைக் கேக்கணும், அப்பதான் நோட்டில் டிக். அப்பா அம்மா ‘நல்லா இருக்குது’ன்னு சொன்னா டிக் கிடையாது. அந்த ரெண்டு மாசத்தில் ஒரு பந்துகூட உருளவில்லை, ஆனா 31 பேரும் எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும். பந்து ஒரு சாக்கு. நோட்டுதான் வேலை செய்தது.

ஆனாலும் பந்து இல்லாமல் நோட்டு மட்டும் இருந்திருந்தா புள்ளைங்க எங்களிடம் பேசியிருக்காதுங்க. கணக்கெடுக்க வர்ற ஆளைப் பாத்தா எந்தப் புள்ளையும் உள்ளே ஓடிரும். விளையாட்டுக்குக் கூப்பிடற ஆளைப் பாத்தா வெளியே ஓடி வரும்.

இது நாங்கள் புதுசாக் கண்டுபிடிச்சது இல்லை. ஜார்க்கண்ட் மாநிலத்தில் ராஞ்சிக்குப் பக்கம் ‘யுவா’ என்கிற அமைப்பு 2009 முதல் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்குது. அங்கேயும் சின்ன வயசில் கல்யாணம்தான் பெரிய பிரச்சினை. அந்தப் புள்ளைங்க 2013-ல் ஸ்பெயின் நாட்டுக்குப் போய் ஆடிட்டு வந்தாங்க. நம்ம தமிழ்நாட்டையே எடுத்துக்குங்க. நம்ம மாநிலப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். கடலூரில் இருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினவங்க, தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். ஊரடங்கு நேரத்தில் சென்னையில் தெருவில் நின்னு காவல் பணி பார்த்தவங்க. பந்து ஒதைக்கிற பொண்ணை யாரு கட்டுவான்னு கேக்கற வீட்டில் இவங்களைப் பத்திச் சொல்லுங்க. எங்கள் புள்ளைங்களில் யாரும் இந்திய அணிக்குப் போகலை, போகணும்னு நாங்க ஆரம்பிக்கவும் இல்லை. 31 பேரில் பொம்பளைப் புள்ளைங்க 13 பேரும், பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க. எங்களுக்கு அதுதான் கோப்பை.

இப்போ கொரோனா போயிருச்சு, பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிடறாங்க, இனி எதுக்கு என்று கேக்கலாம். சித்திரை, வைகாசி லீவு இருக்குது. பத்தாவது முடிஞ்சு பதினொண்ணாவது சேர்ற வரைக்கும் இடைவெளி இருக்குது. பாதியில் நின்ன புள்ளையின் பேர் எந்தப் பள்ளிக்கூட நோட்டிலும் இல்லை. கொரோனாவில் நடந்தது வருஷா வருஷம் கோடையில் சின்ன அளவில் நடக்குது. அதனால் எங்கள் களத்துமேட்டில் ஞாயித்துக்கிழமை ஆட்டம் இன்னும் நடக்குது, லீவு நாளில் தினமும் நடக்குது. முதல் நோட்டு முடிஞ்சு நாலாவது நோட்டு ஓடுது. அதை இப்போ எழுதறது அன்னிக்கு ஆடின புள்ளைங்களே.

கூட்டமைப்புக்கு நான் வைக்கிற கோரிக்கை மூணு.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் 10 முதல் 17 வயது வரை இருக்கிற புள்ளைங்க பேரை ஒரு நோட்டில் எழுதணும். எழுதிப் பாத்தாத்தான் எத்தனை பேரை நமக்குத் தெரியாதுன்னு தெரியும்.

ரெண்டு, கோடை லீவுக்கு முன்னாடி ஒரு காலி இடம் பாருங்க. பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சுத்தம் பண்ணுங்க. ஒரு பந்து வாங்குங்க. கால்பந்துதான் வேணும்னு இல்லை, உங்க ஊர்ப் புள்ளைங்க கோ-கோ ஆடுவாங்கன்னா கோ-கோ. ஆனா தினமும் ரெண்டு அம்மாங்க அங்கே உட்காரணும். பொம்பளைப் புள்ளை வர்றதுக்கு அதுதான் உத்தரவாதம்.

மூணு, ரெண்டு தடவை வராத புள்ளை வீட்டுக்குப் போறது யார் பொறுப்புன்னு தீர்மானத்தில் பேரோட எழுதுங்க. கல்யாணப் பேச்சுன்னு தெரிஞ்சா 1098, மாவட்ட சமூகநல அலுவலர், ரெண்டு எண்ணையும் நோட்டு அட்டையிலேயே எழுதி வையுங்க. போறப்போ கூட்டமைப்பின் கடன் விண்ணப்பத்தையும் கையில் எடுத்துக்கிட்டுப் போங்க. சில வீட்டில் சட்டத்தைவிட அதுதான் முதலில் தேவைப்படும்.

எங்கள் நோட்டு நாலும் அந்த மேஜை மேல வெச்சிருக்கேன். புள்ளைங்க பேர் இருக்கிற பக்கத்தைத் தாள் ஒட்டி மறைச்சிருக்கோம். கட்டம் எப்படிப் போட்டோம், காரணம் எப்படி எழுதினோம்னு பாக்கணும்னா சாப்பாட்டுக்குப் பிறகு வாங்க, நானும் சோப்பு அத்தையும் அங்கேதான் இருப்போம்.